அருகிலிருந்தும் அறியாதவை

நம் பங்கு தனிப்பங்காகி ஐம்பது ஆண்டுகள் நிறைவுறும் இப்பொன்விழா ஆண்டில் பல நற்பணிகள் நடந்தேறியுள்ளன. கொடிமரம் புதுப்பிக்கப்பட்டது. கோயில் முகப்பு வண்ணம் பெற்றது. மணிக்கூண்டில் புதிய மணி ஏறியது. பின்புறம் பாழடைந்து கிடக்கும் பழைய சிறு கோயிலை இடித்து, திருவிழாக் காலத்தில் வண்டிகள் நிறுத்த இடம் செய்வது என்றும் விழாக்குழுவில் தீர்மானமாயிற்று. அவற்றைப் பற்றியெல்லாம் இம்மலரின் பிற பக்கங்களில் அன்பர்கள் வாசித்தறியலாம். நாம் இங்கே எழுதப் புகுந்தது, இவ்வாண்டில் நாம் மேற்கொண்ட நான்கு ஒருநாள் பயணங்களின் வரலாறாகும்.

முதலில் வேளாங்கண்ணிக்குப் பெரிய பயணம் ஒன்று போய்வரவே பலரும் விரும்பினார்கள். இரண்டு இரவு வெளியில் தங்க வேண்டும், செலவும் மிகும், முதியோரும் பள்ளிப் பிள்ளைகளும் வர இயலாது என்று பேச்சு நின்றுபோயிற்று. அப்போது பங்குத் தந்தை ஒரு யோசனை சொன்னார். "தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்திருக்கிறோம். ஆதிச்சநல்லூரைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றார். கூட்டத்தில் தூங்கி வழிந்தவர்கள் போக மீதிப்பேர் நாற்பதுக்குக் குறையாது. தூக்கிய கைகள் மூன்று!

அன்றே விதி வகுத்துக்கொண்டோம். காலைத் திருப்பலி முடிந்ததும் புறப்பட வேண்டும். இரவுச் செபமாலைக்குள் திரும்பிவிட வேண்டும். கட்டுச்சோறும் தண்ணீரும் அவரவர் வீட்டிலிருந்து. வேன் வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக்கொள்வது. இயலாதவர்களுக்கு வின்சென்ட் தே பவுல் சபையினர் கட்டுவது. இப்படித்தான் நம் பயணங்கள் தொடங்கின.

ஆற்றோடு இறங்கிய பயணம்

முதற் பயணம் ஆற்றின் போக்கிலேயே கிழக்கு நோக்கி அமைந்தது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், ஆற்றின் தென்கரையில், ஆதிச்சநல்லூர்ப் பரம்பு இருக்கிறது. பஸ்ஸில் போகிறவன் கண்ணுக்கு அது வெறும் சரளைமேடுதான். 114 ஏக்கர் பரப்புள்ள அம்மேட்டின் அடியில், ஈமத்தாழிகள் வரிசை வரிசையாகப் புதைந்திருக்கின்றன.

1876-ல் பெர்லின் நகரத்து டாக்டர் யாகோர் என்னும் ஜெர்மானியர் இங்கு வந்து தோண்டினார். கிடைத்த மட்பாண்டங்களையும் இரும்புக் கருவிகளையும் எலும்புகளையும் தம் ஊருக்குக் கொண்டுபோனார். பின்னர் தொல்பொருள் துறையைச் சேர்ந்த அலெக்சாந்தர் ரீ, 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் முறையாக அகழ்ந்தார். பொன்னாலான நெற்றிப்பட்டங்களும், அழகிய வெண்கலப் பாத்திரங்களும், இரும்பு வாள்களும் ஈட்டிகளும் வெளிப்பட்டன. அவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இந்த மேட்டை யாரும் தொடவில்லை. 2004-ல் மத்தியத் தொல்லியல் துறையினர் மீண்டும் அகழ்ந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் கண்டெடுக்கப்பட்டன. இங்கு கிடைத்த பொருள்களை ஆய்வுக்கூடத்தில் சோதித்ததில், கி.மு. 905, கி.மு. 696 என்னும் காலக்கணக்குகள் கிடைத்தன. தாவீதும் சாலமோனும் ஆண்ட காலத்துக்கு அடுத்த தலைமுறைகளில், நம் ஆற்றங்கரையில் மக்கள் இரும்பை உருக்கவும் தம் இறந்தோரை மரியாதையுடன் அடக்கவும் அறிந்திருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

2023-ல் இங்கேயே அகழ்ந்த குழிகளின் மேல் கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே காணும்படி செய்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் கண்ணாடிமேல் கவிழ்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மேட்டில் கிடந்த ஓட்டாஞ்சில்லு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். நம் கோயில்பிள்ளை தாத்தா அதைப் பார்த்துவிட்டார். "எடுத்த இடத்தில வையி, ராசா. பெர்லினுக்குப் போனதே போதும்" என்றார். பையனும் வைத்துவிட்டான். சிரித்தோம். ஆயினும் அந்தச் சொல் நமக்குள் நின்றுவிட்டது.

அங்கிருந்து கொற்கை. பாண்டியரின் துறைமுகம். முத்துக் குளிப்புக்குப் பேர்போன இத்துறையைப் பற்றிச் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மாலுமி ஒருவர் தம் கடற்பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு அங்கு முத்துக் குளிக்கிறார்கள் என்பது அவர் தரும் செய்தி. இன்று கொற்கையில் கடல் இல்லை. ஊரைச் சுற்றி வாழைத் தோட்டமும் வயலுந்தான். கடலைக் காண இன்னும் ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும்.

கடல் எங்கே போயிற்று? தாமிரபரணி ஆண்டுதோறும் மலையிலிருந்து வண்டலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் கொட்டுகிறது. நிலம் வளர்கிறது, கடல் விலகுகிறது, கப்பல் வர ஆழம் போதாமல் துறைமுகம் தூர்கிறது. கொற்கை தூர்ந்தபின் காயல் எழுந்தது. 1290-களில் இக்கடல்வழியே சென்ற மார்க்கோ போலோ வியந்து பேசும் காயல் என்னும் துறைமுகம் இன்றைய பழையகாயலே என்று பிஷப் கால்டுவெல் கருதினார். அதுவும் தூர்ந்தது. பின் ஆற்றுமுகத்தில் புன்னைக்காயல் ஓங்கிற்று. முடிவில் தூத்துக்குடி. ஓர் ஆறு தன் கையாலேயே துறைமுகங்களைக் கட்டவும் அழிக்கவும் செய்த கதையை, ஒரே பகற்பொழுதில் நாம் வேனில் கடந்தோம்.

புன்னைக்காயலில் அண்டிரிக் அடிகளாரை நினைவுகூர்ந்தோம். போர்த்துக்கல் நாட்டினரான இவ்வியேசு சபைக் குரு 1547 முதல் 1600-ல் மரிக்கும்வரை ஐம்பதாண்டுகளுக்கு மேல் முத்துக்குளித்துறையில் உழைத்தவர். தமிழை முறையாகக் கற்று, 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கச் சிறு நூலைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றினார். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான நூல்களுள் இன்று கிடைப்பவற்றில் மிகப் பழையது அதுவே. அதன் படி ஒன்று இன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து நூலகத்தில் இருக்கிறது. அவர் 1586-ல் அச்சிட்ட புனிதர் வரலாற்று நூல் வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. இக்கரையில் தேடினால் ஒரு படியும் கிடைக்காது. எங்கோ இருப்பவர்கள் அந்நூல்களைப் பேணி வைத்தார்கள். நாம் என்ன பேணி வைத்தோம் என்னும் கேள்வி அன்று மாலை வேனில் எழுந்தது. யாரும் பதில் சொல்லவில்லை.

செம்மணலும் மணப்பாடும்

இரண்டாம் பயணம் தேரிக்காட்டுக்கும் மணப்பாட்டுக்கும். திருச்செந்தூர்ப் பகுதியில் குதிரைமொழித் தேரி என்று ஒரு செம்மணற் பரப்பு உண்டு. இரும்புச் சத்து ஏறி, செங்காவி நிறத்தில், அலையலையாக மணற்குன்றுகள் எழும்பி நிற்கும். ஆடி மாதக் காற்றில் மணல் இடம்பெயரும்; நேற்று மேடாக இருந்தது இன்று பள்ளமாகும். வழிதெரியாமல் போனவர்களின் கதைகளை ஊர்களில் சொல்வார்கள். மணலின் ஓட்டத்தைத் தடுத்து நிறுத்தியவை மரங்கள். பனையும் உடையும் முந்திரியும் வேரோடிப் பிடித்துக்கொண்ட இடங்களில் தேரி அடங்கி நிற்கிறது.

வறண்ட அத்தேரியின் நடுவே ஒரு நீர்ச்சுனை இருக்கிறது. பக்கத்தில் ஓர் அய்யனார் கோயில். அருஞ்சுனை காத்த அய்யனார் என்பது அச்சாமியின் பெயர். சுனையைச் சுற்றி மரங்கள் அடர்ந்து, தரை குளிர்ந்திருந்தது. சமயம் வேறாயினும், அப்பெயரைக் கேட்டதும் நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கிடைத்தற்கரிய நீரைக் காப்பதையே ஒரு தெய்வத்தின் பெயராக வைத்த மக்களை நாம் மதிக்காமல் இருக்க முடியுமா?

நண்பகலில் மணப்பாடு சேர்ந்தோம். கடலுக்குள் நீண்டிருக்கும் மணற்குன்றும், அதன்மேல் வெள்ளையாக எழும் திருச்சிலுவைக் கோயிலும், அடியில் கருமேனியாறு கடல் சேரும் கழியும், பார்த்தவர் மறக்கக்கூடிய காட்சிகளல்ல. புயலில் சிக்கிக் கரை சேர்ந்த போர்த்துக்கீசிய மாலுமிகள் 1540-ல் தம் கப்பலின் உடைந்த பாய்மரத்திலிருந்து செய்து நாட்டிய சிலுவையே இத்திருத்தலத்தின் தொடக்கம் என்பது ஊர் மரபு. கோயில் 1581-ல் எழுந்தது. செப்டம்பர் 14-ஆம் நாள் திருச்சிலுவைத் திருவிழாவுக்கு இங்கே கூடும் மக்கள் வெள்ளத்தை நம்மில் பலர் சிறுவயதில் கண்டிருக்கிறோம். ஆயினும் கூட்டமில்லாத சாதாரண நாளில் அமைதியாகச் சுற்றிப் பார்த்தது இதுவே முதல் தடவை.

குன்றின் கடற்பக்கத்தில் புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்த குகை உள்ளது. 1542-ல் அவர் இக்கரைக்கு வந்தபோது, சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்த மக்களுக்குச் செபங்கள் கற்றுக்கொடுக்க ஆளில்லை. அவருக்கோ தமிழ் தெரியாது. தமிழறிந்த சிலரை உட்கார்த்தி, விசுவாசப் பிரமாணத்தையும் மற்றச் செபங்களையும் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போனார். மணியோசை கேட்டுப் பிள்ளைகள் கூடினார்கள். பிள்ளைகள் கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்றுக்கொடுக்கச் சொன்னார். இவற்றை அவரே தம் கடிதங்களில் எழுதியிருக்கிறார். நம் பங்கின் மறைக்கல்வி வகுப்புக்கும் அந்த மணிக்கும் உறவு உண்டு என்று ஆசிரியை ஒருவர் பிள்ளைகளிடம் சொல்லக் கேட்டோம். சரியாகவே சொன்னார்.

பறவைகளுக்கு இடம் கொடுத்த ஊர்

மூன்றாம் பயணம் தை மாதத்தில் கூந்தன்குளத்துக்கு. நாங்குநேரிப் பக்கம், திருநெல்வேலியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர். அங்கே மணிமுத்தாற்றுக் கால்வாய் நீரால் நிறையும் இரண்டு குளங்கள், கூந்தன்குளமும் காடன்குளமும். சுமார் 129 ஹெக்டேர் பரப்பு. மார்கழி தையில் பறவைகள் வந்து சேர்கின்றன. கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, ஆனி ஆடிக்குள் திரும்புகின்றன. மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம் ஆகியவற்றோடு, இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் வரித்தலை வாத்தும், சில ஆண்டுகளில் பூநாரைக் கூட்டமும் காணலாம்.

நமக்கு வியப்பளித்தது பறவைகளைவிட அவ்வூர் மக்களே. குளத்தில் மட்டுமன்றி, ஊருக்குள் வீட்டு முற்றத்து வேம்பிலும் புளியிலும் நாரைகள் கூடு கட்டியிருந்தன. கீழே துணி உலர்கிறது, கோழி மேய்கிறது, மேலே நாரை குஞ்சுக்கு மீன் ஊட்டுகிறது. எச்சத்தின் வாடையை நம்மில் சிலர் மூக்கைப் பொத்தித் தாங்கினார்கள். ஊராரோ அதைப் பொருட்படுத்துவதில்லை. எச்சம் கலந்த குளத்துநீர் வயலுக்கு நல்ல உரம் என்பது அவர்கள் அறிந்த கணக்கு. தீபாவளிக்கும் இவ்வூரில் வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்துத் தீனி கொடுத்து வளர்த்து, பறக்கும் பருவத்தில் விட்டுவிடுகிறார்கள்.

அரசு இக்குளங்களைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது 1994-ல். ஈரநிலங்களுக்கான உலக ஒப்பந்தமாகிய ராம்சர் பட்டியலில் இவ்விடம் சேர்ந்த செய்தி வந்தது 2022-ல். மக்கள் காத்ததோ அதற்கெல்லாம் நெடுங்காலம் முன்பிருந்தே. சட்டம் பின்னால்தான் வந்தது. நம்மோடு பேசிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம், பிள்ளைகள் வெடி கேட்டு அழ மாட்டார்களா என்று விசாரித்தோம். மகள் பேறுகாலத்துக்கு வந்து படுத்திருக்கும் வீட்டில் யாராவது வெடி போடுவார்களா என்று அவர் நம்மைத் திருப்பிக் கேட்டார்.

திரும்புகையில் மழைச்செய்தி பற்றியே பேச்சு. மழை பொய்த்து, அணையில் நீர் இல்லாமற்போய், கால்வாய் வற்றினால் பறவைகள் வருவதில்லை. ஊரார் எவ்வளவு அன்பு வைத்தாலும், மேலேயுள்ள காடும் அணையும் கால்வாயும் ஒழுங்காக இருந்தால்தான் அந்த அன்புக்குப் பயன் உண்டு. போய்வர விரும்பும் அன்பர்கள் தை முதல் பங்குனிக்குள், அதிகாலையில் போவது நல்லது. உரக்கப் பேசக்கூடாது; வெளுத்த ஆடையைத் தவிர்த்து மங்கிய நிறத்தில் உடுத்துவது நலம்.

வடக்கன்குளமும் காற்றாடிமலையும்

நான்காம் பயணம் தெற்கே. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று வள்ளியூர் தாண்டியதுமே முகத்தில் அறையத் தொடங்கும். முப்பந்தல் பகுதியில் காற்றாலைகள் காடுபோல நிற்கின்றன. இக்காற்று காலங்காலமாக வீசி மண்ணை வாரிக் கிழக்கே கொண்டுபோனதே தேரிகள் உண்டாகக் காரணம் என்பது பலர் கருத்து. இரண்டாம் பயணத்தில் மிதித்த மணலின் பிறப்பிடத்துக்கு நான்காம் பயணத்தில் வந்து சேர்ந்தோம் என்று ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார்.

கணவாய்க்கு அருகேயுள்ள காற்றாடிமலையில்தான் புனித தேவசகாயம் 1752 சனவரி 14-ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். 1712-ல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரசில் அலுவல் பார்த்த நீலகண்ட பிள்ளைதான் அவர். 1741-ல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் அவ்வரசின் படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாய் வாயிலாக யோபுவின் வரலாற்றைக் கேட்டார். 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749-ல் சிறைப்பட்டு, எருமைமேல் ஏற்றி ஊரூராகக் கொண்டுசெல்லப்பட்டுத் துன்புறுத்தப்பட்டார். 2012-ல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2022 மே 15-ல் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். எல்லாக் குலத்தாரோடும் வேறுபாடின்றிப் பழகியவர் அவர் என்பதை வரலாறு வற்புறுத்திச் சொல்கிறது. அவர்தம் துணைவியார் ஞானப்பூ அம்மையார் அடக்கமாகியிருப்பது வடக்கன்குளத்தில்.

அவ்வூரில்தான் இன்னொரு வரலாறும் நமக்குக் காத்திருந்தது. அங்குள்ள திருக்குடும்பக் கோயில் 1872-ல் கட்டி முடிக்கப்பட்டது. பீடத்திலிருந்து இரண்டு தனித்தனிக் கட்டடங்கள் இரு திசையில் பிரிந்து செல்லுமாறு அதைக் கட்டினார்கள். ஒரு சாதியார் ஒரு கிளையிலும் இன்னொரு சாதியார் மறு கிளையிலும் இருந்து பூசை காண்பார்கள். இடையே சுவர். ஒரு பக்கத்தார் மறு பக்கத்தாரைப் பாராமலே ஒரே குருவின் ஒரே பலியில் பங்குபெறலாம். ஊரார் இதைக் 'கால்சட்டைக் கோயில்' என்று அழைத்தது அவ்வடிவத்தினால்தான். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில், அவர் இரத்தம் சிந்தி நூற்றிருபது ஆண்டுகள் ஆனபின் இந்நிலை!

1910-ல், பங்குத் தந்தையாயிருந்த கௌசானல் அடிகள் இச்சுவரை அகற்றினார். எதிர்ப்பு எழுந்தது. வழக்கு நீதிமன்றம் சென்றது. சுவரோ திரும்ப எழவில்லை. நூறாண்டுக்கு மேலாகியும் அக்கோயிலின் வடிவத்தைக் கண்டோர், சுவர் நின்ற காலத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

வடக்கன்குளத்திலிருந்து திரும்பும்போது வேனில் பாட்டில்லை. பணகுடி தாண்டியபின், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி முன்னிருக்கையிலிருந்து திரும்பிக் கேட்டாள்: "மாமா, நம்ம கல்லறைத் தோட்டத்திலயும் நடுவுல ஒரு சுவர் இருக்கே, அது எதுக்கு?"

வேனில் முப்பது பேர் இருந்தோம். கோயில்பிள்ளை தாத்தா சன்னலுக்கு வெளியே பார்த்தார். நாம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தோம். பிள்ளைக்குப் பதில் கிடைக்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தவை

அன்பர்களே, பயணம் முடிந்தபின் நம் வீட்டு வாசலையே புதிதாகப் பார்க்க நேர்ந்தது. முதலில் பழைய கோயில். நாம் இடிக்கத் தீர்மானித்த அந்தச் சிறு கட்டடத்துக்குள் மலர்க் குழுவினரோடு ஒருநாள் மாலை நுழைந்தோம். உடைந்த பெஞ்சுகளும் பழைய சப்பரத்தின் கால்களும் சுண்ணாம்புச் சட்டிகளும் குவிந்திருந்தன. அவற்றை ஒதுக்கியபோது, பீடத்தின் அடியில் முதல் கட்டடத்துக்குக் கல் சுமந்த குடும்பங்களின் தலைவர்கள் பெயர் கல்லில் வெட்டியிருப்பதைக் கண்டோம். சுண்ணாம்பில் கருப்பட்டிச் சாறு கலந்து அரைத்துப் பூசிய சுவர் இன்னும் நகத்துக்கு உதிராமல் நிற்கிறது. அதை இடிப்பதற்குக் கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நாமும் ஒருவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அறியாமல் தூக்கிய கை.

விழாக்குழு மீண்டும் கூடியது. வண்டிகளுக்குக் கிழக்கே வேறு இடம் பார்ப்பது, பழைய கோயிலுக்கு ஓடு மாற்றி, பழைய திருமுழுக்குப் பதிவேடுகளையும் முதல் மணியையும் அங்கே பாதுகாப்பாக வைப்பது என்று முடிவாயிற்று. முன்னைத் தீர்மானத்தை மாற்ற யாரும் வெட்கப்படவில்லை. ஆதிச்சநல்லூர்ப் பயணத்துக்கு வந்தவர்களே முதலில் கை தூக்கினார்கள்.

இனி அந்தச் சுவர். கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவு உயரத்தில் நிற்கிறது. யார் கட்டினார்கள், எந்த ஆண்டில் என்று பதிவேட்டில் இல்லை. ஏன் கட்டினார்கள் என்பதற்குப் பதிவேடு வேண்டியதில்லை. வயதில் மூத்த எல்லாருக்கும் தெரியும். நவம்பர் 2-ஆம் நாள் இரு பக்கத்திலும் மெழுகுதிரி ஏற்றுகிறோம். ஒரே காற்று இரு பக்கத்துத் திரியையும் அணைக்கிறது. ஒரே குரு நடந்துவந்து, சுவர் முடியும் இடத்தில் சுற்றிக்கொண்டு, மறுபக்கம் போய் மந்திரிக்கிறார். ஐம்பது ஆண்டுகளாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பள்ளிப் பிள்ளை கேட்கும்வரை நமக்கு அது கண்ணில் படவில்லை.

பழமையானவை எல்லாம் காக்கத் தக்கவை என்று நாம் சொல்ல வரவில்லை. நான்கு பயணங்களும் நமக்குக் காட்டியது வேறு. ஆதிச்சநல்லூரின் தாழியைக் காக்க வேண்டும். காக்காமையால் பெர்லினுக்குப் போயிற்று. கூந்தன்குளத்துக் கூட்டைக் காக்க வேண்டும். காத்ததால் பறவை திரும்பி வருகிறது. தேரியின் சுனையைக் காக்க வேண்டும். வடக்கன்குளத்துச் சுவரை இடிக்க வேண்டியிருந்தது, இடித்தார்கள். எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்று ஒவ்வொரு தலைமுறையும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. ஊரை விட்டு ஒருநாள் வெளியே போய்வந்தால் அந்த யோசனை எளிதாகிறது. நம் ஊரில் நமக்குப் பழகிப்போனது, பிற ஊரில் பளிச்சென்று தெரிகிறது.

இம்மலர் அச்சுக்குப் போகும் வரையில் சுவரைப் பற்றி முடிவு எதுவும் ஆகவில்லை. பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் அது முதற்பொருளாக வைக்கப்பட்டுள்ளது. சிலருக்கு மனவருத்தம் உண்டு. நம் முன்னோர் படுத்திருக்கும் இடத்தைத் தொடலாமா என்று கேட்கிறார்கள். அவர்கள் கேள்வியும் நியாயமானதே. முன்னோர் யாரையும் யாரும் தொடப்போவதில்லை. அவர்களுக்கு நடுவே நிற்கும் செங்கல்லைப் பற்றித்தான் பேச்சு. அக்கல்லைப் பெயர்த்தால், பழைய கோயிலுக்குத் திண்ணை கட்ட அதுவே போதும் என்று கோயில்பிள்ளை தாத்தா கணக்குப் போட்டிருக்கிறார். பயணங்களில் நம்மோடு வந்தவர்கள் கூட்டத்துக்குத் தவறாமல் வர வேண்டுகிறோம். வராதவர்கள், அதற்கு முன் ஒருநாள் வடக்கன்குளம் போய் அக்கோயிலைப் பார்த்துவிட்டு வர வேண்டுகிறோம். காலைத் திருப்பலி முடிந்து புறப்பட்டால் இரவுச் செபமாலைக்குள் திரும்பிவிடலாம்.

அடுத்த ஆண்டுக்கான பயணங்களைப் பிள்ளைகளே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கழுகுமலையின் வெட்டுவான் கோயில், வீரமாமுனிவர் பணிபுரிந்த காமநாயக்கன்பட்டி, முண்டந்துறைக் காடு என்பவை அப்பட்டியலில் உள்ளன. பெயர் கொடுக்க விரும்புவோர் ஞாயிறு திருப்பலிக்குப் பின் கோயில்பிள்ளை தாத்தாவிடம் கொடுக்கலாம். ஓட்டாஞ்சில்லு எடுப்பவர்களை அவர் சேர்த்துக்கொள்ள மாட்டார்.